வீட்டில் ஒருவர் விடைபெறும் நாட்கள்
(தீராத நோயில் இருக்கும் பெரியவரைப் பராமரிக்கும் தம்பதியர் கற்றுக்கொள்ள வேண்டியவை)



கர்ப்பிணித் தாயின் உணவு, பிரசவம், தடுப்பூசி, பிள்ளைகளுக்கு இடையே இடைவெளி என்று பல விஷயங்களைக் குடும்ப நலப் பிரசுரங்களில் படித்திருப்பீர்கள். குடும்ப நலம் பிறப்போடு முடிந்துவிடுவதில்லை. ஒரு குழந்தை பிறக்கும்போது வெந்நீர் வைக்க ஒருவர், நர்சம்மாவைக் கூப்பிட ஒருவர், தாயின் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் என்று வீடே துணை நிற்கிறது. அதே வீட்டில் ஒரு பெரியவரின் கடைசி நாட்கள் வரும்போது மட்டும், என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோம்.

தெரியாததற்கு வெட்கப்பட வேண்டாம். இதை யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டது போல இதையும் கற்றுக்கொள்ளலாம். அதற்காகத்தான் இந்தப் பிரசுரம்.

"ஆஸ்பத்திரியில கைவிட்டுட்டாங்க"

நம் ஊர்களில் பல வீடுகளில் நடப்பதை, ஒரே வீட்டில் நடந்ததாக வைத்துச் சொல்கிறோம். வீட்டுப் பெரியவருக்கு வயது 64. நாற்பது வருடமாகப் புகையிலை அடக்கியவர். கன்னத்தில் புற்றுநோய். அறுவை சிகிச்சை, கரண்ட் சிகிச்சை எல்லாம் ஆகிவிட்டது. நோய் மறுபடி பரவிவிட்டது. "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். மகனும் மருமகளும் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வருகிறார்.

மகன்: கைவிட்டுட்டாங்க நர்சம்மா. மாட்டை வித்தாச்சு. இனி நிலத்தை வித்தாவது பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாமான்னு பாக்கறேன்.

செவிலியர்: தம்பி, நிலத்தை விக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. இந்த சிகிச்சையால நோய் குணமாகுமா? குணமாகாதுன்னா, வலியாவது குறையுமா? இதுக்காக அப்பா எத்தனை நாள் ஆஸ்பத்திரியில கிடக்கணும்? பதிலைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. அப்பாவுக்கு என்ன விருப்பம்னு அவரையும் கேளுங்க.

மருமகள்: அப்ப ஒண்ணும் செய்ய முடியாதா அக்கா?

செவிலியர்: நோயைத் தீர்க்கத்தாம்மா முடியாது. வலியைத் தீர்க்கலாம், புண் நாத்தத்தைப் போக்கலாம், மூச்சுத் திணறலைக் குறைக்கலாம், அவர் மனசுல இருக்கறதைக் கேக்கலாம். செய்ய வேண்டியது நிறைய இருக்கு. வாங்க, ஒவ்வொண்ணாக் கத்துக்கலாம்.

நோய் ஆதரவு சிகிச்சை என்றால் என்ன?

செவிலியர் சொன்ன இந்த வேலைக்குத்தான் நோய் ஆதரவு சிகிச்சை என்று பெயர். 'பாலியேட்டிவ் கேர்' என்றும் சொல்வார்கள். குணப்படுத்த முடியாத நோயிலும் வேதனையைக் குறைத்து, நோயாளியையும் குடும்பத்தையும் தாங்கிப் பிடிப்பதே இதன் நோக்கம். புற்றுநோய்க்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பக்கவாதம், சிறுநீரகம் செயலிழத்தல், இருதயம் தளர்தல், நுரையீரல் நோய், மூப்புத் தளர்ச்சி எல்லாவற்றுக்கும் உண்டு.

இதற்கு வழி காட்டியவர் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார். செவிலியராக இருந்து பிறகு டாக்டருக்குப் படித்தவர். 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். உடல் வலியோடு மனவேதனை, பணக்கவலை, குடும்பக் கவலை எல்லாம் சேர்ந்ததுதான் நோயாளியின் முழு வலி என்று அவர் சொன்னார். நம் நாட்டில் 1986-ல் மும்பையில் சாந்தி அவேத்னா சதன் தொடங்கப்பட்டது. 1993-ல் கேரளத்தில் கோழிக்கோட்டில் டாக்டர்கள் ஒரு சிறிய அமைப்பைத் தொடங்கினார்கள். பிறகு அந்த மாநிலத்தில் ஆசிரியர், மாணவர், இல்லத்தரசி என்று சாதாரண மக்களே பயிற்சி பெற்று, தங்கள் ஊர் நோயாளிகளைத் தாங்களே வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். 2008-ல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கையை வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்த ஆதரவு சிகிச்சையும் சேர்க்கப்பட்டது.

ஆக, இது டாக்டர் மட்டும் செய்கிற காரியம் அல்ல. பழகிய கையும் பொறுமையான மனமும் உள்ள எவரும் செய்யலாம்.

முதல் பாடம்: வலியைக் கேளுங்கள்

பெரியவர்கள் வலியை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "பிள்ளைகளுக்கு எதுக்குத் தொந்தரவு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். ஆகவே நாம்தான் கேட்க வேண்டும். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாத வலி என்றால் 10. "இப்ப எத்தனை?" என்று தினமும் ஒரே நேரத்தில் கேட்டு, காலண்டரில் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். செவிலியர் வரும்போது அதைக் காட்டினால் போதும், மருந்தை ஏற்றுவதா குறைப்பதா என்று டாக்டர் முடிவு செய்வார். பேச முடியாதவராக இருந்தால் முகச்சுளிப்பையும், முனகலையும், தொட்டால் உடல் விறைப்பதையும் கவனியுங்கள்.

வலி வந்த பிறகு மாத்திரை கொடுப்பது நம் வழக்கம். தொடர்ந்து இருக்கும் வலிக்கு அது சரிப்படாது. நெருப்பு பற்றிய பிறகு தண்ணீர் தேடுவதைப் போன்றது அது. மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு வேளையின் பலன் தீரும் முன்பே அடுத்த வேளையைக் கொடுத்துவிட்டால் வலி தலைதூக்காது.

கடுமையான வலிக்கு மார்பின் மாத்திரை கொடுப்பார்கள். சாதாரண மார்பின் மாத்திரையின் பலன் ஏறக்குறைய 4 மணி நேரம் இருக்கும். இந்த மாத்திரையைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசுவார்கள். அந்த வீட்டிலும் பேச்சு வந்தது.

மகன்: அது போதை மருந்தாமே? அப்பாவுக்குப் பழகிடாதா? சீக்கிரம் போயிடுவாருன்னு வேற பக்கத்து வீட்டுல சொல்றாங்க.

செவிலியர்: வலிக்காக, டாக்டர் சொன்ன அளவுல சாப்பிடறவங்க அதுக்கு அடிமையாகறது ரொம்ப அபூர்வம் தம்பி. சரியான அளவுல கொடுத்தா ஆயுசைக் குறைக்காது. வலி தீர்ந்தா தூக்கம் வரும், நாலு வாய் சாப்பிடுவாரு. வலியோட கிடக்கறதுதான் ஆளை உருக்கும்.

மார்பின் கொடுக்கும் வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை:

1. முதல் சில நாட்கள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கலாம். பெரும்பாலும் தானே குறைந்துவிடும்.
2. மலச்சிக்கல் நிச்சயம் வரும், தானாகப் போகாது. ஆதலால் மலமிளக்கி மருந்தையும் கூடவே தொடர்ந்து கொடுக்க வேண்டும். 3 நாள் மலம் போகவில்லை என்றால் செவிலியரிடம் சொல்லுங்கள்.
3. திடீரென்று நிறுத்தக் கூடாது. நீங்களாக அளவைக் கூட்டவும் கூடாது.
4. கூப்பிட்டு உலுக்கியும் எழாத தூக்கம், மிகவும் மெதுவான மூச்சு இருந்தால், அடுத்த வேளை கொடுக்காமல் உடனே டாக்டரையோ செவிலியரையோ கேளுங்கள்.
5. பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். வேறு யாருக்கு என்ன வலி என்றாலும் இதிலிருந்து ஒரு மாத்திரை கூடக் கொடுக்கக் கூடாது. மிஞ்சியதை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் பல ஆஸ்பத்திரிகள் இந்த மருந்தை வைத்திருக்கவே தயங்கின. வலியில் துடிப்பவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று 2014-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே "இந்த மருந்து எங்கே கிடைக்கும்?" என்று தயங்காமல் கேளுங்கள். வலியில்லாமல் இருப்பது நோயாளியின் உரிமை.

இரண்டாம் பாடம்: உடம்பைப் பேணுதல்

படுக்கைப் புண்: ஒரே பக்கமாகப் படுத்திருந்தால், எலும்பு துருத்தும் இடங்களில் ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துவிடும். குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி, தோள், முழங்கை, பின்தலை ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். 2 மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். புரட்டும்போது இழுக்கக் கூடாது. அடியில் ஒரு பழைய சேலையை நான்காக மடித்துப் போட்டு, கணவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமுமாகப் பிடித்துத் தூக்கி மாற்றுங்கள். தோல் சிவந்துபோன இடத்தைத் தேய்க்காதீர்கள். விரிப்பில் சுருக்கமும் சோற்றுப் பருக்கையும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கயிற்றுக் கட்டிலாக இருந்தால் மேலே கனமான மெத்தையைப் போடுங்கள். தண்ணீர் மெத்தை கிடைக்குமா என்று செவிலியரைக் கேளுங்கள்.

வாய்: நோயாளியின் வாய் சீக்கிரம் வறண்டு புண்ணாகும். மெல்லிய துணியை விரலில் சுற்றி, உப்புப் போட்டுக் கொதித்து ஆறிய நீரில் நனைத்து, பல்லையும் நாக்கையும் மெதுவாகத் துடையுங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை செய்யலாம். உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

நாற்றமுள்ள புண்: இதுதான் பல வீடுகளில் நோயாளியைத் திண்ணைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் தள்ளுகிறது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்த்துப் புண்ணைக் கழுவலாம். நாற்றம் போவதற்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி செய்து புண்ணில் தூவும் முறை உண்டு. செவிலியர் செய்து காட்டியபடி செய்யுங்கள். கட்டுத் துணி உலர்ந்து ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் உப்பு நீரால் நனைத்து எடுங்கள். புண்ணில் புழு விழுந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அது உங்கள் குற்றம் அல்ல. ஈ உட்கார்ந்தால் எந்தப் புண்ணிலும் வரும். உடனே சொன்னால் எடுத்துவிடலாம். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. பேரப்பிள்ளைகள் தாத்தாவின் பக்கத்தில் உட்காரலாம்.

மூச்சுத் திணறல்: தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வையுங்கள். ஜன்னலைத் திறந்து, சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கலையுங்கள். முகத்துக்கு நேராகக் காற்று படும்படி பனையோலை விசிறியால் வீசினால் திணறல் குறைந்து தெரியும். பக்கத்தில் ஒருவர் பதறாமல் உட்கார்ந்திருப்பதும் ஒரு மருந்துதான்.

சாப்பாடு: "ரெண்டு வாய் சாப்பிட்டாத்தானே தெம்பு வரும்" என்று மல்லுக்கட்ட வேண்டாம். நோய் முற்றும்போது உடம்பு சாப்பாட்டை ஏற்பதில்லை. சாப்பிடாததால் சாவு நெருங்குவதில்லை, சாவு நெருங்குவதால் பசி அடங்குகிறது. கஞ்சி, மோர், இளநீர் என்று அவர் கேட்பதை, உட்கார்ந்த நிலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா எழுந்துடுவாரு" என்பதும் தவறான எண்ணம். கடைசி நாட்களில் ஏற்றும் தண்ணீர் கைகாலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் தங்கி வேதனையைக் கூட்டிவிடலாம்.

மூன்றாம் பாடம்: "நான் பொழைப்பனா தாயி?"

புண் கட்டுவதையும் புரட்டிப் படுக்க வைப்பதையும் ஒரே வாரத்தில் பழகிவிடலாம். கஷ்டமான பாடம் இதுதான். ஒரு நாள் கஞ்சி கொடுக்கும்போது பெரியவர் மருமகளைக் கேட்டார்: "நான் பொழைப்பனா தாயி?" அவள் பதறிப்போய், "ஏன் மாமா அபசகுனமாப் பேசறீங்க? பொங்கலுக்குள்ள எழுந்து நடப்பீங்க" என்றாள். அவர் ஒன்றும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று முழுவதும் பேசவில்லை.

மருமகள்: ஆறுதலாத்தானே அக்கா சொன்னேன். ஏன் மொகத்தைத் திருப்பிக்கிட்டாரு?

செவிலியர்: அவருக்குத் தெரியும்மா. தன் உடம்பு தனக்குத் தெரியாதா? உன்கிட்ட மனசு விட்டுப் பேசலாம்னு கதவைத் தட்டினாரு. நீ பயந்து தாழ்ப்பாள் போட்டுட்டே. தப்பில்லை, எல்லாரும் அப்படித்தான் செய்வோம். அடுத்த தடவை கேட்டா பதில் சொல்ல அவசரப்படாதே. கிட்ட உக்காரு, கையைப் பிடிச்சுக்கோ. "ஏன் மாமா கேக்கறீங்க? மனசுல என்ன ஓடுது?"ன்னு கேளு. அப்புறம் நீ பேசவே வேண்டாம், அவரு பேசுவாரு.

மருமகள்: நேராவே கேட்டுட்டா?

செவிலியர்: பொய் சொல்லாதே. அதுக்காகப் போட்டு உடைக்கவும் வேண்டாம். "நோய் கூடிக்கிட்டுத்தான் மாமா இருக்கு. ஆனா வலி இல்லாம பாத்துக்கறோம், உங்களைத் தனியா விடமாட்டோம்"னு சொல்லு. இது ரெண்டுமே உண்மை. அவரு எவ்வளவு தெரிஞ்சுக்க ஆசைப்படறாரோ அவ்வளவு சொன்னாப் போதும். வேண்டாம்னா விட்டுடு.

இரண்டு நாள் கழித்து மருமகள் அப்படியே செய்தாள். பெரியவர் சாவைப் பற்றிப் பேசவே இல்லை. தன் தம்பியைப் பற்றிப் பேசினார். வரப்புத் தகராறில் எட்டு வருடமாகப் பேச்சு இல்லாத தம்பி. "அவனை ஒரு தரம் பாத்தாத் தேவல" என்றார். மகனுக்குக் கோபம் வந்தது. சித்தப்பா வாசலை மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்டவன் அவன். மனைவி விடவில்லை. "வரப்பு உங்களுக்கும் அவருக்கும். அண்ணன் தம்பி அவங்க ரெண்டு பேருக்கும்" என்றாள். மறுநாள் மகன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வந்தான். சாயங்காலம் சித்தப்பா வந்தார். அண்ணனும் தம்பியும் ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். அதிகம் பேசவில்லை. தம்பி அண்ணன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அன்று இரவு பெரியவர் நன்றாகத் தூங்கினார். காலண்டரில் அன்றைக்கு எழுதிய எண் 2. முந்தின நாள் எழுதியது 6. மாத்திரை அதேதான்.

மனவேதனையும் வலிதான் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இந்த நாட்களில் செய்யக் கூடாத ஒன்று உண்டு. நினைவு தப்பிக் கிடப்பவரின் பெருவிரலைப் பிடித்துப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கக் கூடாது. அது சட்டப்படியும் செல்லாது, பிறகு குடும்பத்தைத் தலைமுறைக்கும் பிரிக்கும். சொத்து, கடன், நகை பற்றிய பேச்சு இருந்தால், அவர் தெளிவாக இருக்கும்போதே, பிள்ளைகள் எல்லோரையும் வைத்துக்கொண்டு, அவர் விருப்பப்படி பேசி முடியுங்கள்.

தலைக்கூத்தல் வேண்டவே வேண்டாம்

தென் மாவட்டங்களில் சில இடங்களில், படுத்த படுக்கையான முதியவர்களின் சாவை விரைவுபடுத்தத் தலைக்கூத்தல் என்ற வழக்கம் இருந்தது. 2010-ல் அது பத்திரிகைகளில் வெளிவந்து பெரிய அதிர்ச்சியை ஏற்படுத்தியது. அது வழக்கம் அல்ல, குற்றம். அப்படி எண்ணும் அளவுக்கு ஒரு வீட்டார் களைத்துப்போனால், அந்த வீட்டுக்கு உதவி எட்டவில்லை என்று பொருள். "இனி என்னால முடியல" என்று செவிலியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். "என்னைச் சீக்கிரம் அனுப்பிடுங்க" என்று நோயாளியே கேட்டாலும், வலி அடங்கவில்லை அல்லது நாம் பாரமாகிவிட்டோமே என்று வருந்துகிறார் என்று புரிந்துகொண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள்.

நான்காம் பாடம்: கடைசி சில நாட்கள்

முடிவு நெருங்கும்போது உடம்பில் சில மாற்றங்கள் தெரியும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பதற்றம் வராது.

• பெரும்பாலான நேரம் தூங்குவார். பேச்சு குறையும். சில சமயம் இறந்துபோன உறவினரைக் கூப்பிடுவார். அதட்டித் திருத்த வேண்டாம்.
• சோறும் தண்ணீரும் வேண்டாம் என்பார். சிறுநீர் குறையும், நிறம் கறுக்கும்.
• கைகால் சில்லிடும். தோலில் ஊதா நிறத் திட்டுகள் தெரியும். மெல்லிய போர்வை போதும், சூடு ஒத்தடம் வேண்டாம்.
• மூச்சு கொஞ்ச நேரம் வேகமாக வரும், பிறகு சில நொடி நின்று மறுபடி வரும்.
• தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். விழுங்க முடியாத எச்சில் தேங்குவதால் வருவது அது. கேட்கிற நமக்கு இருக்கும் வேதனை பெரும்பாலும் அவருக்கு இருப்பதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைச் சற்று உயர்த்தினால் சத்தம் குறையும்.

நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாயில் இறங்கித் திணறடிக்கும். பால் ஊற்றும் வழக்கத்தை விட மனம் இல்லையானால், விரலில் தொட்டு நாக்கை நனைக்கும் அளவு ஒரு சொட்டுப் போதும். உறவினர் வரிசையாக நின்று ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்ற வேண்டாம் என்று மகன்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும்.

கண் மூடிக் கிடந்தாலும் காது கேட்கக்கூடும். ஆகவே தலைமாட்டில் நின்று "இன்னும் எத்தனை நாள் இழுக்குமோ" என்று பேசாதீர்கள். செலவுக் கணக்கும் பேசாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நான் இங்கதான் இருக்கேன்ப்பா" என்று சொல்லுங்கள். அவர் கும்பிடும் சாமியின் பாட்டையோ ஜெபத்தையோ மெதுவாகச் சொல்லலாம்.

வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பமாகவும், டாக்டரிடம் அதை முன்பே பேசி வைத்ததாகவும் இருந்தால், கடைசி நேரத்தில் பயந்து வண்டி பிடித்து ஓட வேண்டியதில்லை. ஆனால் அடங்காத வலி, கடுமையான ரத்தப்போக்கு, வலிப்பு வந்தால் காத்திருக்காமல் செவிலியருக்குச் சொல்லுங்கள். 108-ஐக் கூப்பிடவும் தயங்க வேண்டாம்.

உயிர் பிரிந்த பிறகு அவசரம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டியவர்கள் அழட்டும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். கிராம ஊராட்சியில் கிராம நிர்வாக அலுவலரிடம் பதியலாம். பட்டா மாற்றத்துக்கும், வாரிசுச் சான்றிதழுக்கும், விதவை உதவித் தொகைக்கும் அந்தச் சான்றிதழ்தான் முதலில் தேவைப்படும்.

ஐந்தாம் பாடம்: பராமரிப்பவரைப் பராமரிப்பது

நம் வீடுகளில் இந்த வேலை முழுவதும் மருமகள் தலையில்தான் விழுகிறது. விடிய விடியக் கண்விழிப்பு, பகலில் அடுப்படி, மாடு, பிள்ளைகள். மூன்று மாதத்தில் அவளே நோயாளியாகிவிடுவாள். ஆகவே கணவர்மார்களுக்கு ஒரு வார்த்தை: பெற்ற தகப்பனுக்கு மலஜலம் எடுப்பது ஆண்மைக்குக் குறைவு இல்லை. நீங்கள் கைக்குழந்தையாக இருந்தபோது உங்களுக்கு அதைச் செய்தவர்கள் இருந்தார்கள்.

இரவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முன்னிரவு ஒருவர், பின்னிரவு ஒருவர். வாரத்தில் ஒரு நாள் பக்கத்து வீட்டாரோ மகளிர் குழுப் பெண்களோ இரண்டு மணி நேரம் உட்காரட்டும். அந்த நேரத்தில் தூங்குங்கள், குளியுங்கள், கோவிலுக்குப் போங்கள். உறவினர் வந்தால் "எப்படி இருக்காரு" என்று கேட்டுவிட்டுக் காப்பி குடித்துப் போக விடாதீர்கள். "ஒரு குடம் தண்ணி கொண்டாங்க", "பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வாங்க" என்று ஒரு வேலையைக் கையில் கொடுங்கள். உதவ ஆசைப்படுகிற பலருக்கு எப்படி என்றுதான் தெரியவில்லை.

சலிப்பும் எரிச்சலும் வரும். ஒரு நாள் கடிந்து பேசிவிட்டுப் பிறகு அழுவீர்கள். அதனால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை, களைத்துப் போயிருக்கிறீர்கள். கணவனும் மனைவியும் தினமும் பத்து நிமிடமாவது வாசலில் உட்கார்ந்து ஒருவர் பாரத்தை ஒருவரிடம் இறக்கி வையுங்கள்.

பிள்ளைகளிடம் "தாத்தா ஊருக்குப் போயிட்டாரு" என்று சொல்லாதீர்கள். வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். "தாத்தாவுக்கு உடம்பு ரொம்ப முடியல, செத்துப் போயிட்டாரு, இனி வரமாட்டாரு, நாம அவரை நினைச்சுக்கலாம்" என்று எளிமையாகச் சொல்லுங்கள். தாத்தாவுக்கு விசிறி வீசுவது, தண்ணீர் கொண்டு வருவது போன்ற சின்ன வேலைகளை முன்பே கொடுத்திருந்தால், தாங்களும் செய்தோம் என்ற நிறைவு அவர்களுக்கு இருக்கும்.

காரியம் முடிந்து உறவினர் கலைந்த பிறகுதான் வீடு வெறிச்சென்று ஆகும். மணி பார்த்து மாத்திரை எடுத்த கை அந்த நேரத்துக்குத் தானாகவே பெட்டியைத் தேடும். துக்கம் மெதுவாகத்தான் ஆறும். பல மாதம் ஆகியும் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் இருந்தாலோ, துக்கத்தை மறக்கக் குடிக்கத் தொடங்கினாலோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். அதற்கும் உதவி உண்டு.

அந்த வீட்டுப் பெரியவர் பொங்கலைப் பார்க்கவில்லை. மார்கழியில் ஒரு விடியற்காலை, மகன் முறைக்கு விழித்திருந்தபோது, மூச்சு மெதுவாகி நின்றது. மகன் கையைப் பிடித்தபடியே மனைவியைக் கூப்பிட்டான். பிறகு நர்சம்மாவிடம் சொன்னான்: "காப்பாத்த முடியலன்னு வருத்தம் இருக்கு. ஆனா வலியில கத்த விடல. தனியாவும் விடல."

அவ்வளவுதான் நம்மால் முடியும். அது சிறிய காரியம் அல்ல.

நினைவில் வையுங்கள்

1. நோய் தீராவிட்டாலும் வேதனையைத் தீர்க்க வழி உண்டு.
2. வலி மாத்திரை மணிப்படி. மார்பினுடன் மலமிளக்கியும்.
3. 2 மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள். வாயைச் சுத்தமாக வையுங்கள்.
4. வற்புறுத்தி ஊட்டாதீர்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.
5. பொய் சொல்லாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.
6. இரவை இருவரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.
7. தனியாகத் தவிக்காதீர்கள். உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள். 104 என்ற எண்ணில் கேட்டாலும் மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.

இந்தப் பிரசுரத்தைப் படித்து முடித்ததும் எறிந்துவிடாமல், இதே நிலையில் இருக்கும் இன்னொரு வீட்டுக்குக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

— மாவட்ட சுகாதாரத் துறை, குடும்ப நலப் பிரிவு